கவர்மெண்டு மீன்

இந்த ஸ்டேஷனில் குளிர் குறைவாக இருக்கிறது. மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஊலு டிவிஷனில் இந்நேரத்துக்குப் பனி வாசற்படி வரை வந்து நிற்கும். பேசினால் வாயிலிருந்து புகை வரும். நீங்கள் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். தேத்தண்ணீருக்கும் நன்றி. பால் ஊற்றாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், பால் என் வயிற்றுக்கு ஆகாது. பரவாயில்லை, மெதுவாகக் குடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் என்னை ஒரு கையெழுத்துக்காகத்தான் வரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கோலா தெர்லாவில் காய்கறி போடும் சீனர்களின் குளங்களில் மீன் செத்து மிதக்கிறது. மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்துதான் மருந்து வருகிறது என்று அவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஆபீசிலிருந்து வருகிற உமர், தோட்டத்து ஆற்றில் கூண்டு வைத்து மீன் விட்டிருக்கிறோம், மருந்தால் அதில் ஒரு மீன்கூடச் செத்ததில்லை என்று உங்களிடம் சொல்லியிருப்பார். அந்த மீன்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ஆமாம், செத்ததில்லை என்று நானும் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் உங்கள் வேலை முடிந்தது. மத்தியான பஸ்ஸில் நான் வீடு போய்விடலாம்.

அப்படிச் செய்யப்போவதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே கேட்காமல் இருந்தால் உதவியாக இருக்கும். யாராவது அதட்டிக் கேட்டால் எனக்கு எல்லாம் வரிசை மாறிவிடும். பிறகு வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் பெயர் நாகரத்தினம். தோட்டத்தில் மருந்துக் கங்காணி. செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற ஆட்கள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். மருந்து வைக்கும் ஸ்டோர் ஆற்றங்கரையில் இருக்கிறது, அதன் சாவி எப்போதும் என் இடுப்பில். வேலையில் என்னைக் குறை சொன்னவர்கள் கிடையாது. துரையே ஒருமுறை மற்ற கங்காணிகளிடம் என் ஸ்டோரைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் உள்ள ஒரே குறை பயம். அதை மறைக்கவில்லை. நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன். ஆனால் பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்க வேண்டும் என்று என் அப்பாவுக்குத் தோன்றவில்லை. அதனால் எனக்குப் பிரஜை இல்லாதவனுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐ.சி.தான். அறுபத்தொன்பதுக்கு அப்புறம் சிவப்பு ஐ.சி.க்காரனுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது என் அண்ணன் முனியாண்டிக்கு அது கிடைக்கவில்லை. பினாங்கு வரை போய்க் கப்பலேற்றிவிட்டு வந்தேன். அவனும் இங்கே பிறந்தவன்தான். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. கப்பல் நகர்ந்தபோது அவன் கையாட்டவில்லை. தகரப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டால் எனக்குக் கை கால் உதறும். பிரஜைக்குக் கொடுக்கிற நீல ஐ.சி.க்கு மனுப் போட்டிருந்தேன். மனு கோலாலம்பூரில் இருந்தது. அது அங்கே இருக்கிறவரை என் பெயரில் சின்னப் புகார்கூட எழக் கூடாது என்பதுதான் எனக்கு ஒரே நினைப்பு. "நீ தூங்குறப்பவும் முழிச்சுக்கிட்டேதான் லா தூங்குறே" என்று என் மனைவி தங்கம்மா கேலி செய்வாள். அவள் சொன்னது சரிதான்.

உமர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது எழுபத்தெட்டில். பினாங்குப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம், மரியாதை தெரிந்த பிள்ளை. இங்கே தானா ராத்தாவில் அவருடைய மாமா ஜப்பார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து அனுப்பினால் முடிவு தெரிய மாதக்கணக்கில் ஆகிறது, அதற்குள் மருந்து கடலுக்கே போய்விடும் என்று அவர் சொன்னார். அதற்காகத்தான் கம்பிக் கூண்டு. விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பெண்கள் தண்ணீர் அள்ளுகிற துறையிலேயே கயிற்றில் கட்டி இறக்கினார். உபரிக் குஞ்சுகளை என் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் விட்டார். வெள்ளத்தில் கூண்டு உடைந்தால் மறுபடி விடுவதற்கு.

"மீனு செத்துச்சுன்னா கைய வச்சிராதீங்க அண்ணே" என்றார். "அப்படியே விட்டுட்டு ஆபீசுலேருந்து எனக்கு ஒரு போன் போடுங்க. நான் மோட்டார்ல ஓடியாந்துருவேன். மருந்து எங்கேருந்து வருதுன்னு அப்பதான் லா புடிக்க முடியும்."

நான் தலையாட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்து, ஆற்றோரமாக இருக்கிற ஆளாகவும் பார்த்து அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அவர் மேல் குற்றமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

முதல் தடவை மீன் செத்தது ஒரு மழைக்கு மறுநாள். கூண்டைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. உமர் சொன்னபடி ஆபீசுக்கு நடந்தேன். போன் தோட்டத்துக் கணக்கு பார்க்கிற பெரிய கிராணி அமிர்தலிங்கத்தின் மேசையில்தான் இருக்கிறது. எதற்குப் போன் என்று கேட்டார், சொன்னேன்.

அவர் அதட்டவில்லை. நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஆத்துல மருந்துன்னா, மருந்துக் கங்காணி யாருன்னுதானே மொதல்ல கேப்பான்? போலீசு வரும், பேப்பர்ல வரும். உன் மனு இப்ப எங்க இருக்கு நாகரத்தினம்?"

"கோலாலம்பூர்ல, ஐயா."

"அப்ப யோசிச்சுக்கோ. போன் இந்தா இருக்கு."

போனை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். மீனை மாற்று என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். நான்தான் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். செத்த இரண்டையும் எடுத்துப் புதைத்தேன். பீப்பாயிலிருந்து இரண்டைப் பிடித்துக் கூண்டில் விட்டேன். அவ்வளவுதான் வேலை. ஒரு சுருட்டு பிடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் மழை பெய்த மறுநாளெல்லாம் அப்படியே செய்தேன். பீப்பாயில் மீன் குறைவதைப் பார்த்து உமர் கேட்டபோது நீர்நாய் வந்து தின்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த தடவை கூடுதலாகக் கொண்டுவந்து விட்டார்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. லயத்துக்கு மலைமேல் தொட்டியிலிருந்து பைப்பில் தண்ணீர் வரும். அது நூல் மாதிரி ஒழுகும், இலையும் புழுவும் சேர்ந்து வரும். முன்பெல்லாம் ஆற்றுத் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும்தான் பிடிப்பார்கள். கூண்டு வந்த பிறகு பெண்கள் துறையில் குனிந்து நின்று மீனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கவர்மெண்டே மீன் விட்டிருக்கிறது, மீன் துள்ளிக்கொண்டு ஓடுகிறது, இதைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பைப்பை விட்டுவிட்டு ஆற்றில் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள். கோயில் குளத்து மீனுக்குப் போடுகிற மாதிரி வெள்ளிக்கிழமை பொரி கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். சிரங்கு வந்த பிள்ளைகளுக்காக நேர்ந்துகொண்டு வெல்லம் போட்டவர்களும் உண்டு. கவர்மெண்டு மீன் என்றால் எங்கள் லயத்தில் அப்போது ஒரு தனி மரியாதை.

வேண்டாம் என்று நான் தடுத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது?

எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். ஸ்டோருக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது. உபரி மீன் இருந்த பீப்பாய்க்கு மூங்கிலில் அந்தத் தண்ணீரைத்தான் விட்டிருந்தேன். தங்கம்மாவும் அதில்தான் பிடிப்பாள். ஆற்றுப் பக்கம் போகாதே, வழுக்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஊற்றில் ஒரு வீட்டுக்குத்தான் காணும். லயம் முழுக்கப் பங்கு போட்டால் யாருக்கும் பத்தாது.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், ஒன்றை விட்டுவிட்டேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். மழை பெய்தால் மீன் ஏன் சாகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

மருந்துப் பீப்பாய்களைப் பலகைத் தட்டின் மேல்தான் வைக்க வேண்டும், மண் தரையில் வைக்கக் கூடாது. அந்தப் பலகைகளை நான் கழற்றி என் வீட்டு அடுப்படிச் சுவருக்கு அடித்திருந்தேன். ஒரே சாரல், தங்கம்மா இருமிக்கொண்டே இருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் மண்ணிலிருந்த ஒரு பீப்பாய் அடியில் துருப்பிடித்துக் கசிய ஆரம்பித்தது. புது மருந்து, தண்ணீர் சேர்க்காதது, ஏறக்குறைய நிறைந்த பீப்பாய். அந்தச் சமயம் பார்த்துத் துரை ஸ்டோரைப் பார்க்க வருகிறார் என்று ஆள் வந்து சொன்னான். பலகை எங்கே என்றுதான் முதலில் கேட்பார். ஆட்களெல்லாம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருந்தார்கள். பீப்பாயைத் தனியாகவே உருட்டிக்கொண்டு போய், துறைக்கு மேலே ஆற்றுக்கரையில் ஒரு பள்ளத்தில் தள்ளி, மண்ணைப் போட்டு மூடினேன். மேலே கவாத்துக் குச்சிகளைப் பரப்பினேன். மற்ற பீப்பாய்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். துரை வந்தார், பார்த்தார், நல்லா வெச்சிருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்.

உமர் கூண்டோடு வந்தது அதற்கு அப்புறம். இடத்தை அவர்தான் பார்த்தார். ஆற்றில் இன்னும் மேலே வைக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மண்ணுக்குள்ளிருந்து மருந்து கசிகிறது, மழை அதைக் கழுவி ஆற்றில் விடுகிறது. காய்ந்த நாளில் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். உமர் வந்து போத்தலில் பிடிப்பது பெரும்பாலும் காய்ந்த நாளில். மலைப்பாதையில் மழையில் மோட்டார் ஓட்ட அவருக்குப் பயம். அது தப்பில்லை, எல்லோருக்கும் ஏதாவது ஒரு பயம் இருக்கத்தானே செய்கிறது.

இனி வேலாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலாயியின் புருஷன் காளியண்ணன் என் மருந்தடிப்பு ஆட்களில் ஒருவன். அவளுக்கு நாலைந்து தடவை கரு தங்காமல் போயிருக்கிறது. கடைசியில் ஒரு ஆண்பிள்ளை தங்கியது, முருகையா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்குத் தாய்ப்பால் போதவில்லை. டின்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். அதனால் தண்ணீர் விஷயத்தில் லயத்திலேயே அவளைப் போல் கவனமான பெண் கிடையாது. தினமும் விடிந்ததும் குடத்தோடு துறைக்கு வருவாள். நான் அங்கே நிற்பேன்.

"அண்ணே, மீனு எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"பாரேன் லா, நல்லா ஓடுது" என்பேன்.

அப்புறம்தான் குடத்தைத் தண்ணீரில் வைப்பாள். அள்ளிய தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பாள். கொதிக்க வைத்தால் இந்த மருந்து போகாது. அது அவளுக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு வாரம் விடாமல் பெய்தது. தினமும் மீன் மாற்றினேன், பீப்பாய் காலியாகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆற்றுக்கரையில் கொஞ்சம் மண் சரிந்திருந்தது. கூண்டில் ஒரு மீன்கூட உயிரோடு இல்லை. மாற்றுவதற்கும் என்னிடம் மீன் இல்லை. மேலே பாதையில் வேலாயி குடத்தோடு இறங்கி வருவது தெரிந்தது.

நான் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதைப் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு அள்ளாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் பிள்ளைக்காரி, ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். கேட்டதை லயம் முழுக்கச் சொல்வாள். அது கிராணியிடம் போகும், உமரிடம் போகும், கரையைத் தோண்டுவார்கள். எனக்கு முனியாண்டி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் வந்தது. ஒரு குடம்தானே என்று நினைத்தேன்.

கூண்டைக் கொஞ்சம் ஆழத்துக்குத் தள்ளினேன். கயிற்றை என் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு கல் மேல் நின்றேன். அவள் வந்து குனிந்ததும் கயிற்றை மெல்ல இழுத்து விட்டேன். கூண்டு ஆடியது, மீன்களும் திரும்பின. கலங்கலான தண்ணீரில் மேலிருந்து பார்க்க ஓடுகிற மாதிரியே இருந்தது. அவள் மடியிலிருந்து பொரியை எடுத்துப் போட்டாள். பொரி மிதந்துகொண்டு போய்விட்டது.

"மீனு பொரி திங்கலையே அண்ணே."

"மழைத்தண்ணி லா. கலங்கலா இருக்கு, அதுங்களுக்குக் கண்ணு தெரியாது."

"கவர்மெண்டு சாப்பாடு தின்னு பழகிருச்சு, நம்ம பொரியெல்லாம் எறங்குமா" என்று அவள் சிரித்தாள். "அப்ப தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. அள்ளிக்கோ."

அவள் போகிறவரை பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கால் மரத்துப்போய்விட்டது.

பிள்ளைக்கு உடம்புக்கு வந்தது மத்தியானத்துக்கு முன்னால். வாயில் நுரையும் எச்சிலுமாக வழிந்தது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தோட்டத்து லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். ஆபத்துக்குக் கூட நிற்பது என் வழக்கம். அதோடு வேலாயிக்குச் சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான் தெரியும், அதுவும் அன்றைக்கு மறந்துபோய்விட்டது. காளியண்ணன் வாசலில் பதிவு செய்கிற இடத்தில் நின்றான். டாக்டருக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல நான்தான் இருந்தேன்.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தோட்டத்து மருந்து ஏதாவது உள்ளே போயிருக்குமா, தாயிடம் கேள், அப்படியென்றால் உடனே போட ஊசி இருக்கிறது என்றார். அது என்ன ஊசி என்று எனக்குத் தெரியும். மருந்துத் தகரத்தில் ஒட்டியிருக்கிற தாளில் அதன் பெயர் இருக்கிறது. உள்ளே போனால் எச்சில் வடியும், கண்மணி சுருங்கும், இந்த ஊசி போட வேண்டும் என்று என் ஆட்களை நிற்க வைத்து நானே பல தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

நான் வேலாயி பக்கம் திரும்பி, "புள்ளைக்கு என்ன குடுத்தேன்னு கேக்குறாரு" என்றேன்.

"டின்பாலுதான் அண்ணே, வேற ஒண்ணுமே குடுக்கலன்னு சொல்லுங்க. ஆத்துத் தண்ணியில கலக்கிக் குடுத்தேன்னு சொல்லுங்க" என்று அழுதாள்.

டின்பால் மட்டும் கொடுத்தாளாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. மருந்து இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டார். நான் மருந்துக் கங்காணி, மருந்தெல்லாம் பூட்டித்தான் இருக்கிறது என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார். பிறகு மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கான வைத்தியத்தை ஆரம்பித்தார். பிள்ளை விளக்கு வைக்கிற நேரம் வரை இருந்தது. நான் கடைசிவரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. பயத்தில் பல் கிட்டிப்போயிருந்தது, ஐயா. நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கிட்டிப்போயிருந்தது.

அடக்கமெல்லாம் நான் முன்னால் நின்று நடத்தினேன். பெட்டிக்கு என் அடுப்படிச் சுவரிலிருந்து பலகையைக் கழற்றிக் கொடுத்தேன்.

காரியம் முடிந்த பிறகு வேலாயி என்னிடம் வந்து மெதுவாக ஒன்றைக் கேட்டாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குத் தூரமாம். அந்தத் தீட்டோடு மீனுக்குப் பொரி போட்டுவிட்டாளாம். அதனால்தான் மீன் பொரியைத் தொடவில்லையா, அதனால்தான் பிள்ளை போச்சா என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காரணம் தெரியாமல் தவிப்பதைவிட ஏதோ ஒரு காரணம் இருந்தால் மனசு ஆறும் என்று எனக்குப் பட்டது. இருக்கும்மா என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைப்பதில்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பீப்பாயை அப்புறமாவது எடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மண் சரிந்த இடத்தில் மறுபடி மண் போட்டு அணைத்தேன். கூண்டு மீனெல்லாம் வெள்ளத்தில் செத்தது என்று உமரிடம் சொன்னேன், அவர் புதுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். தோண்டி எடுத்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது? இப்போதும் அங்கேதான் இருக்கிறது. துறைக்கு மேலே, கரையோரமாக ஒரு காட்டுவாழை இருக்கும், அதன் அடியில். கோலா தெர்லா குளங்களுக்குப் போனதும் அதுதான். கெண்டைக் குஞ்சு எத்தனை மாற்றினேன் என்று கணக்கு வைக்கவில்லை. உமரை ஒன்றும் செய்யாதீர்கள், அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

இவ்வளவு நாள் சொல்லாதவன் இன்றைக்கு ஏன் சொல்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். போன வாரம் எனக்கு நீல ஐ.சி. வந்துவிட்டது. பெயர் சரியாக இருக்கிறது, படமும் நன்றாக விழுந்திருக்கிறது. சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் பாருங்கள். இனி என்னை யாரும் கப்பலேற்ற முடியாது. ஜெயிலில் போடலாம். ஆனால் ஜெயில் இந்த நாட்டில்தானே இருக்கிறது. அதனால் இப்போது எனக்குப் பயமில்லை. நான் பேசியதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும், கை நடுங்கவில்லை பாருங்கள்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். வாசலில் பெஞ்சில் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் வேலாயி. எனக்குத் துணையாக வந்தாள். போலீஸ் கூப்பிட்டது என்றதும், அண்ணனைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று கிளம்பிவிட்டாள். அவளுக்கு இப்போது ஆறு மாதம். இந்தத் தடவை தங்கிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அவள் மடியில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கிறது. அது ஆற்றுத் தண்ணீர். நேற்று ராத்திரி எங்கள் பக்கம் நல்ல மழை. காலையில் துறைக்கு வந்து வழக்கம்போல் கேட்டாள், வழக்கம்போல் சொன்னேன். முறைப்படி உங்களிடம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குத் தெரிவதுதான் சரி என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை வாந்தியெடுத்தாள். மலைப்பாதை வளைவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி குடித்தாள்.

யாரையாவது அனுப்பி அந்தப் போத்தலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் சொன்னேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.